துரைக்கு ஒரு மனு

அனுப்புநர்:
பீளமேட்டுப் பொதுமக்கள்,
அவினாசி சாலை, மேம்பாலத்துக்குக் கீழே,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மகாகனம் பொருந்திய ஜான் சல்லிவன் துரை அவர்கள்,
முன்னாள் கலெக்டர், கோயம்புத்தூர் ஜில்லா.

பொருள்: தாங்கள் ஊட்டியில் உண்டாக்கிய ஏரியை நாங்கள் ரசித்துத் தீர்த்தது தொடர்பாக.

பார்வை: உயிரோடிருக்கும் அதிகாரிகளுக்கு இதுவரை கொடுத்த மனுக்கள் அனைத்தும்.

ஐயா,

தாங்கள் 1855இல் காலமாகிவிட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறோம். இங்கே திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மனு கொடுத்தால் சீல் குத்தி ஓர் எண் தருவார்கள். சில வாரம் கழித்து 'உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று செல்போனில் தகவல் வரும். சம்பந்தப்பட்ட துறையோ, தனக்குச் சம்பந்தமில்லை என்று இன்னொரு துறைக்குத் தள்ளிவிடும். கடைசியில் 'மனு முடித்துவைக்கப்பட்டது' என்பார்கள். குறை அப்படியே இருக்கும், மனு தீர்ந்திருக்கும். பதில் போடாமலிருக்க நியாயமான காரணமுள்ள ஒரே அதிகாரி தாங்கள்தான். ஆகவே தங்களையே நாடுகிறோம்.

தங்கள் ஏரியில் எங்களுக்கு என்ன பாத்தியதை என்று கேட்கலாம். இருக்கிறது. தாங்கள் நீலகிரிக் கலெக்டர் அல்ல, எங்கள் கோயம்புத்தூர்க் கலெக்டர். 1819இல் கோத்தகிரிப் பக்கம் திம்பட்டிக்கு ஏறிப் போனீர்கள். 1822இல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கினீர்கள். ஏக்கர் ஒரு ரூபாய் என்று தோடர்களிடம் நிலம் வாங்கினீர்கள். 1823க்கும் 1825க்கும் இடையில் ஓடைகளை மறித்து இந்த ஏரியை உண்டாக்கினீர்கள். நீலகிரி எங்கள் ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி நிர்வாகமானதே 1868இல்தான். ஆக, அது எங்கள் கலெக்டர் கட்டின ஏரி. கொங்கு நாட்டில் பாட்டன் சொத்தைப் பங்காளிகள் விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த உரிமையில்தான் மே மாதம் பிறந்ததும் டெம்போ டிராவலர் பிடித்து ஏறுகிறோம். தாங்களாவது தோடர்களுக்கு ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்தீர்கள். நாங்கள் குப்பையை இலவசமாகவே கொடுத்துவிட்டு வருகிறோம்.

எங்கள் பயணத்தின் ஒழுங்கைத் தாங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் வண்டி வந்து நிற்கும். கட்டுச்சோறு ஏறும், பாய் ஏறும், பாட்டிகள் ஏறுவார்கள்.

"ஏனுங் மாப்ள, ஸ்பீக்கர எடுத்து வெச்சீங்களா?"

"வெச்சாச்சுங்க மாமா. தண்ணி பாட்டலு ரெண்டு கேஸு சீட்டுக்கடியில கெடக்குதுங்க. மேல போர்வையப் போட்டு மூடியிருக்கறேன், செக்போஸ்ட்டுல கண்டுக்க மாட்டாங்க."

மலையில் பிளாஸ்டிக் பாட்டில் தடை. கொண்டுபோகாதே என்றும், குடிநீருக்கு ஆங்காங்கே ஏடிஎம் வைத்திருக்கிறோம் என்றும் கல்லாறில் பலகை சொல்கிறது. போர்வைக்கடியில் பாட்டிலை ஒளித்து அதை வென்றுவிட்ட பெருமையோடு பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறோம். வளைவுக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட் வீதம் குரங்குகளுக்குத் தானம் செய்கிறோம். காட்டேரி தாண்டுவதற்குள் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிடும். இயற்கை அழகைக் காண ஏறிய நாங்கள் முதல் இரண்டு மணி நேரம் காண்பது முன்வண்டியின் புகைக்குழாயை. அந்த வரிசையில் எங்கோ பின்னால் ஆம்புலன்ஸ் அலறும். உள்ளூர்க்காரர் யாரோ கோவை ஆஸ்பத்திரிக்கு இறங்கப் பார்க்கிறார். சீசன் நேரத்தில் நோய்வாய்ப்படுவது மலைவாசிகளின் ஒழுங்கீனம் என்றுதான் நாங்கள் கருதுகிறோம்.

ஒருவழியாக ஏரி வரும். 1973 முதல் அங்கே படகு இல்லம் இருக்கிறது. மோட்டார் போட், பெடல் போட், துடுப்புப் படகு எல்லாம் உண்டு. வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டி, நீர்மேல் மிதந்து, செல்ஃபி எடுத்து, மக்காச்சோளம் தின்று, வர்க்கியும் தைலமும் வாங்கித் திரும்புகிறோம். அது என்ன நீர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் கோடப்பமந்து கால்வாய் பதில் சொல்லியிருக்கும். மந்து என்னும் தோடர் குடியிருப்பு ஒன்றின் பெயரைச் சுமக்கும் அந்தக் கால்வாய், ஊரின் நடுவே புகுந்து வீடு, விடுதி, கடை என்று எவரையும் ஒதுக்காமல் எல்லாருடைய கழிவையும் வாங்கிக்கொண்டு நேரே ஏரிக்கு வருகிறது. இது யாரும் கண்டுபிடித்த ரகசியமல்ல. பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. அதிகாரிகள் ஆண்டுதோறும் ஆய்வு செய்கிறார்கள். தூர்வாரும் திட்டம் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. கால்வாய் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்கு இந்த நாட்டில் கூலி கொடுப்பார்கள், அதையும் குறைத்துத்தான் கொடுப்பார்கள். சாக்கடைமேல் மிதக்கிறவனிடம் காசு வசூலித்து, அதற்கு ரசீதும் கொடுக்கும் சாமர்த்தியம் எங்கள் சுற்றுலா நிர்வாகத்துக்கே வாய்த்தது. மேமாதக் கோடை விழாவில் அதே நீரில் படகுப் போட்டி வேறு. பெருமக்கள் கொடியசைத்துத் தொடங்கிவைக்கிறார்கள். படகு இல்லத்தில் ஜிப் லைனும் ராட்சத ஊஞ்சலும் வைத்துச் 'சாகசப் பூங்கா' என்கிறார்கள். கரையில் நின்று ஆழமாக மூச்சை இழுப்பதே போதிய சாகசமாக இருக்கும்போது தனியாக ஊஞ்சல் எதற்கு என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

ஏரி தாங்கள் விட்டுச்சென்ற அளவில் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம். அதன் வயிற்றிலிருந்து அறுத்தெடுத்த நிலத்தில் பேருந்து நிலையம் இருக்கிறது, குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது, ஏரிப் பூங்கா இருக்கிறது. மிஞ்சியது சுமார் 65 ஏக்கர். பந்தய மைதானத்தின் குத்தகை பாக்கி 822 கோடி ரூபாய் என்று சொல்லி, 2024 ஜூனில்தான் வருவாய்த் துறை அந்த 52 ஏக்கரைக் கையகப்படுத்தியது. குடிசைக்காரன் வரி பாக்கி வைத்தால் குழாய் இணைப்பைப் பிடுங்குகிற அரசாங்கம், பாக்கி நூற்றுக்கணக்கான கோடியாகும்வரை குதிரைகளிடம் காட்டிய பொறுமையை எந்தப் புராணத்திலும் பார்க்க முடியாது. மீட்ட நிலத்தில் சூழல் பூங்கா வருமாம். ஏரி நிலத்தை ஏரிக்கே திருப்பிக் கொடுப்பது எங்கள் ஆட்சி முறையில் இல்லாத பழக்கம்.

இதற்கெல்லாம் கோர்ட் ஒன்றும் செய்யாமலில்லை. சீசனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைவதாகக் கணக்கு வந்ததும், சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்றது. 2025இல் உச்சவரம்பும் வைத்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயச் சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் வேலை கொடுத்தது. கோர்ட்டையாவது பாராட்ட வேண்டும். அது எண்ணச் சொன்னது. எண்ணுவதோடு நின்றுவிட்டவர்கள் மற்றவர்கள்.

காருக்கு இ-பாஸ், வேனுக்கு இ-பாஸ், பஸ்ஸுக்கு இ-பாஸ். சாக்கடைக்கு மட்டும் இ-பாஸ் கிடையாது. வார நாள், வார இறுதி என்ற பேதமில்லை. உச்சவரம்பு இல்லை. க்யூஆர் கோடு இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் வரலாம், நேரே ஏரிக்குள் போய்த் தங்கலாம். டிஎன் 43 வண்டிகளுக்கு உள்ளூர் என்று விலக்குக் கொடுத்தார்களே, அந்தச் சலுகையை முழுமையாக அனுபவிப்பது கோடப்பமந்துக் கால்வாய்தான்.

தங்கள் சக அதிகாரி ஒருவரின் ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863இல் கொடைக்கானலில் ஏரி கட்டினார். அங்கே தெர்மாமீட்டர் ஆலை ஒன்று நடந்து 2001இல் மூடப்பட்டது. 2006இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசத்தைக் காட்டியது. ஆலைத் தொழிலாளர் 591 பேரோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வரவே 2016 ஆயிற்று. படகுச் சவாரி இதற்காக ஒருநாளும் முகம் வாடியதில்லை. பாதரசம் கண்ணுக்குத் தெரியாது. மூடுபனி போட்டோவில் நன்றாக விழும்.

இதெல்லாம் மலைக்காரர் பிரச்சினை, பீளமேட்டுக்கு என்ன வந்தது என்று எங்கள் ஊரிலேயே கேட்கிறார்கள். வந்தது என்னவென்று வரிசையாகச் சொல்கிறோம். 1932இல் பைக்காராவில் மின்சாரம் பிறந்தது. அந்த மின்சாரம் இறங்கி வந்த பிறகுதான் கோவையில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பியது. பீளமேட்டில் சங்கு ஊதியதும், ஷிப்ட் ஓடியதும், எங்கள் பாட்டன்கள் பருத்திப் புழுதியைத் துடைத்துக்கொண்டு ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியதும் அந்த மலைநீர் போட்ட பிச்சை. தோடர்கள் புனிதமென்று கருதும் ஆறு அது. அதைத் தேக்கிய நீரில் இன்று நாங்கள் ஸ்பீடு போட் விட்டு, "இன்னும் வேகமா விடுங்க அண்ணா" என்று கத்துகிறோம்.

குடிதண்ணீரும் அங்கிருந்துதான். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று நாங்கள் ஜீப் வைத்துப் பார்க்கப் போகும் அணைகளின் நீர் குந்தா மின்நிலையங்கள் வழியே இறங்கிப் பில்லூருக்கு வருகிறது. பில்லூரிலிருந்து எங்கள் குழாய்க்கு வருகிறது. ஊட்டி ஏரியிலிருந்து வழிவது சாண்டிநல்லா, மாயாறு என்று சுற்றிப் பவானிசாகரில் சேர்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் போய் ஈரோட்டு மாவட்டத்து நெல்லுக்கும் மஞ்சளுக்கும் பாய்கிறது. அதாவது, மேலே வீசிய டயப்பருக்கும் பாட்டிலுக்கும் கீழே வரும் வழி தெரியும். விருந்தாளியாகப் போன வீட்டுக் கிணற்றில் துப்பிவிட்டு வருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நம் வீட்டுக் கிணறு.

இனி எங்கள் சொந்த ஊர்க் குளங்களைப் பற்றித் தாங்கள் விசாரிப்பீர்கள். தங்கள் காலத்தில் நொய்யல் வாய்க்காலில் ஒன்றிலிருந்து ஒன்று நிரம்பிக்கொண்டிருந்தனவே, அதே குளங்கள்தான். பீளமேட்டிலிருந்து சில கிலோமீட்டரில் சிங்காநல்லூர் குளம். அங்கேயும் ஒரு காலத்தில் படகு விட்டார்கள். சங்கனூர்ப் பள்ளம் கொண்டுவந்த சாக்கடையும், அதைத் தின்று கொழுத்த ஆகாயத்தாமரையும் படகைக் கரையேற்றிவிட்டன. பிறகு அதைப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என்று அறிவித்தார்கள். பறவைகள் அந்த அறிவிப்பை நம்பி இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. வாலாங்குளத்தை ரயில் பாதையும் பைபாஸ் சாலையும் குறுக்கே வெட்டிப் போகின்றன.

2016 ஜனவரியில் முதல் இருபது ஸ்மார்ட் சிட்டிகளில் எங்கள் ஊரும் தேர்வானது. உடனே குளங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. உக்கடம் பெரியகுளக் கரையிலும் வாலாங்குளக் கரையிலும் நடைபாதை வந்தது, வண்ண விளக்கு வந்தது, கிரானைட் பெஞ்சு வந்தது, 'ஐ லவ் கோவை' வந்தது. எல்லாம் கரைக்கு வந்தது. குளத்துக்கு வந்தது வழக்கமான சாக்கடை. மாலை நேரத்தில் முகக்கவசத்தோடு நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்களைப் பார்த்தால் கொரோனா இன்னும் போகவில்லை என்று வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள். பயப்பட வேண்டாம், அது குளக்காற்று.

இதைவிடப் பெரிய நீர்நிலையும் எங்களிடம் உண்டு. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை. 1992இல் விவசாயத்துக்கென்று கட்டி முடித்தார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி அதில் தேங்கியது. அணை கேட்ட உழவர்களே, 'சாமி, தண்ணி தேக்காதீங்க' என்று கும்பிடும் நிலை வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி மன்றாடிய ஊர் எதுவென்று பிற்காலத்தில் யாராவது தேடினால் கொங்கு நாட்டைக் காட்டலாம். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிக் கோர்ட் உத்தரவிட்டது. அங்கே இன்னும் படகு இல்லம் கட்டாததற்கு யார் காரணமென்று தெரியவில்லை; கண்டுபிடித்து மெடல் கொடுக்கலாம்.

துரை அவர்களே, இனிப் பணிவை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுகிறோம்.

இந்தியாவின் வயல்களுக்கெல்லாம் பம்பு செட்டு செய்து அனுப்புகிற ஊர் இது. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரை மேலேற்றத் தெரியும். தெருவில் ஓடும் சாக்கடையைக் குழாய்க்குள் விட்டுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளத் தெரியாதாம். எங்கள் வாசலில் பத்துக் கிலோமீட்டருக்குத் தூண் நட்டு, ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் கட்டி, 2025 அக்டோபரில் திறந்தார்கள். விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போக அவ்வளவும் முடிந்தது. ஊட்டியில் ஒரு கால்வாயின் வாயை மறித்துச் சுத்தம் செய்து விட இருநூறு வருடம் போதவில்லை. தெரியாமையா இது? வேண்டாமை. சாக்கடைக் குழாய் மண்ணுக்கடியில் போகும். அதன்மேல் பெயர்ப்பலகை வைக்க முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது, செல்ஃபி எடுக்க முடியாது. ஆகவே அதற்கு ஒதுக்கீடு கடைசி, ஆள் கடைசி, அக்கறை கடைசி.

அரசாங்கத்தைத் திட்டிவிட்டு நாங்கள் தப்பிக்கவும் முடியாது. 'நம்மூர்ல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது' என்று சலித்துக்கொண்டு மலையேறுகிறவர்கள் நாங்கள். பார்க்க இருந்ததையெல்லாம் தின்று தீர்த்தவர்களும் நாங்கள். குளத்து வாய்க்காலை வளைத்து வீட்டுமனை போட்டவன் எங்கள் சொந்தக்காரன். அப்பார்ட்மெண்ட் கழிவை ராத்திரியில் மழைநீர் வடிகாலில் திறந்துவிடச் சொன்னவன் எங்கள் அசோசியேஷன்காரன். ஊருக்குள் இருக்கும் நீரை நாறவிட்டு, அதில் வந்த பணத்தில் ஊருக்கு வெளியே நல்ல நீர் தேடிப் போய், அதையும் நாறவிட்டுத் திரும்புவதற்கு எங்கள் அகராதியில் 'பேமிலி டூர்' என்று பெயர். குன்னூரில் கோடையில் குழாய்த் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்திருக்கும் பெண், எங்கள் விடுதி அறையில் வெந்நீர் ஷவர் ஓடும் சத்தத்தைக் கேட்டால் என்ன நினைப்பாள் என்று ஒருவர் யோசித்ததில்லை. மறுநாள் ஏரிக்கரையில் நாங்கள் விட்டுவந்ததைக் குனிந்து பொறுக்குகிற தூய்மைப் பணியாளர் படகில் ஏறியிருக்கிறாரா என்றும் கேட்டதில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தங்கள் கண்டத்திலேயே இருக்கிறது. பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடியில் அன்னசி என்றொரு ஏரி. அதுவும் சாக்கடை கலந்து கெட்டுக்கொண்டிருந்தது. 1957இல் கரையோர ஊர்கள் கூடி ஒரு கூட்டமைப்பு வைத்தன. ஏரியைச் சுற்றி வளையமாகச் சாக்கடைக் குழாய் பதித்து, ஊர்க் கழிவு ஒன்றும் உள்ளே போகாமல் வெளியே சுத்திகரிப்புக்குக் கொண்டுபோயின. இன்று ஐரோப்பாவின் தெளிந்த ஏரிகளில் ஒன்று அது. ஜனங்கள் நீந்துகிறார்கள், படகும் விடுகிறார்கள். முதலில் குழாய், அப்புறம் படகு. இந்த வரிசைதான் எங்களுக்கு எழுபது வருடமாகப் பிடிபடவில்லை.

ஆகவே தங்கள் மேலான சமூகத்துக்குக் கீழ்க்கண்ட கோரிக்கைகளைச் சமர்ப்பிக்கிறோம்:

1. ஊட்டி, கொடைக்கானல், கோவை என்று படகு விடும் எல்லா இடத்திலும் கட்டணப் பலகைக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்த வார நீர்ப் பரிசோதனை முடிவை எழுதி வைக்க வேண்டும். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதோடு எதன்மேல் மிதக்கப் போகிறோம் என்பதும் டிக்கெட் வாங்குகிறவனுக்குத் தெரியட்டும்.

2. படகுக் கட்டணத்தில் வரும் பணம் முதலில் அந்த ஏரியில் விழும் சாக்கடையைத் தடுப்பதற்கே போக வேண்டும். கடைசிக் கால்வாய் சுத்தமான பிறகு ஊஞ்சல் கட்டலாம்.

3. கோவைக் குளம் எதிலும் சாக்கடை வாய் திறந்திருக்கும்வரை அதன் கரையில் புதிதாக ஒரு விளக்குக் கம்பமும் நடக்கூடாது.

4. படகுப் போட்டியைத் தொடங்கிவைக்கும் பெருமக்கள், கோடப்பமந்துக் கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் நின்று கொடியசைக்க வேண்டும். மூக்கைப் பொத்தக் கூடாது.

5. கல்லாறு சோதனைச் சாவடியில் இறங்கும் வண்டியையும் திறந்து பார்க்க வேண்டும். மேலே போன பொருளின் குப்பை கீழே வராத வண்டிக்கு அடுத்த வருடம் இ-பாஸ் மறுக்க வேண்டும். சோதனையைப் பீளமேட்டு வண்டிகளிலிருந்து ஆரம்பிக்கலாம். எங்கள் யோக்கியதை எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பில்லூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த
பீளமேட்டுப் பொதுமக்கள்.

நகல்:
1. மாவட்ட ஆட்சியர்கள், ஆணையர்கள், கழகங்கள், வாரியங்கள். தகவலுக்காக. அவர்கள் தகவலோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பதால்.
2. இதைப் படித்துக்கொண்டிருக்கும் தாங்கள். நடவடிக்கைக்காக.